இரும்புதான் ஆம்பிளிஃபயர்: வாசகர் கேள்வி பதில்

டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழல்களால், அதாவது வால்வுகளால், ஓடும் பெரிய ஆம்பிளிஃபயர்களைப் பற்றி வந்த கடிதங்களை மட்டும் சேர்த்து இந்த இதழில் பதில் எழுதுகிறேன். மதுரையில் மைக் செட் பழுதுபார்க்கும் மேசையில் வளர்ந்தவன் நான். அந்த அனுபவத்தில் நின்றே பேசுகிறேன்.

தாத்தா சவுண்ட் சர்வீஸ் நடத்தியவர். அவருடைய 100 வாட் வால்வு ஆம்பிளிஃபயர் பரணில் கிடக்கிறது. நான்கு இ.எல். 34 வால்வுகள் இருக்கின்றன. கால் நூற்றாண்டாக யாரும் தொடவில்லை. ஊர்த் திருவிழாவில் அதைப் பாட வைக்க ஆசை. பிளக்கைச் செருகிப் பார்க்கலாமா?
– வாசகர், தேனி

வேண்டாம். தயவுசெய்து செருகாதீர்கள். தாத்தா அதைக் கெடாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரு நிமிட அவசரத்தில் அது போய்விடக் கூடாது.

முதலில் அடித்தகட்டைக் கழற்றி, சேசிஸைக் கவிழ்த்து வைத்து நன்றாகப் பாருங்கள். எலிக் கழிவு, பச்சை பிடித்த செம்பு, உருகி வழிந்த மெழுகு, கருகிய ரெசிஸ்டர் எல்லாம் கண்ணுக்கே தெரியும். பிறகு மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, வால்வுகளுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்பார்மரைச் சோதியுங்கள். மற்ற எதைப் பார்ப்பதற்கும் முன்னால் இதைப் பார்க்க வேண்டும். நடு முனையிலிருந்து இரு பக்கத்து வால்வுகளின் பிளேட்டுக்கும் (மின்னோட்டம் வந்து சேரும் உள் தகடு), அதாவது சாக்கெட்டின் 3ஆம் காலுக்கும், அளந்தால் இரண்டு பாதிகளும் ஏறக்குறைய ஒரே ஓம் காட்ட வேண்டும். வெளிச்சுற்றில் இருக்கும் பாதிக்குக் கம்பி சற்று நீளம் என்பதால் சிறு வித்தியாசம் இயல்பானது. ஒரு பாதி ஒன்றுமே காட்டாவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது. அடுத்து, 500 வோல்ட் மெகர் (காப்பைச் சோதிக்கும் மீட்டர்) வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் யாரையாவது அழைத்து, வால்வுகளையும் கண்டன்சர்களையும் விலக்கிவிட்டு, சுற்றுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் இடையே காப்பு நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பவர் டிரான்ஸ்பார்மருக்கும் இதே சோதனை. இந்த இரண்டும் பிழைத்திருந்தால் உங்கள் ஆம்பிளிஃபயர் பிழைத்திருக்கிறது. மீதி எல்லாமே கடையில் கிடைக்கும்.

எலக்ட்ரோலிடிக் கண்டன்சர்களை மாற்றிவிடுங்கள். அவற்றின் உள்ளே அலுமினியத் தகட்டின் மேல் இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம்தான் காப்பு. ஆண்டுக்கணக்கில் மின்னழுத்தம் இல்லாமல் கிடந்தால் அந்தப் படலம் கரைந்துவிடும். திடீரென்று 450 வோல்ட் கொடுத்தால் கண்டன்சர் ஷார்ட் ஆகும், கூடவே பவர் டிரான்ஸ்பார்மரையும் இழுத்துக்கொண்டு போகும். வால்வுகளின் கிரிட்டுக்கு (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனை) போகும் கப்ளிங் கண்டன்சர்கள் பழைய காகித வகையாக இருந்தால் சோதிக்காமலே மாற்றுங்கள். அவற்றில் சிறு கசிவு இருந்தாலும் முந்தைய நிலையின் பாசிட்டிவ் மின்னழுத்தம் கிரிட்டுக்கு வந்துவிடும். வால்வு கட்டுப்பாடில்லாமல் மின்னோட்டத்தை இழுக்கும், பிளேட் சிவந்துபோகும். சிவந்த பிளேட்டை ஒரு நிமிடம் விட்டுவைத்தாலும் வால்வு போய்விடும். விட்டுவைத்தவர் கவனிக்கவில்லை என்றால் டிரான்ஸ்பார்மரும் போகும். இரட்டைக் கம்பி மின்வயர் இருந்தால் அதையும் அகற்றி, மூன்று கம்பி வயர் போட்டு, சேசிஸை எர்த்தில் கட்டுங்கள்.

இதற்குப் பிறகுதான் மின்சாரம். நான்கு அவுட்புட் வால்வுகளையும் எடுத்து வைத்துவிட்டு, 100 வாட் ஃபிலமென்ட் பல்பு போட்ட சீரிஸ் லாம்ப் வழியாக, அதாவது மின்சாரம் பல்பைக் கடந்தே செட்டுக்குப் போகும்படி, கொடுங்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. பல்பு ஒருமுறை பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. தொடர்ந்து பிரகாசமாக எரிந்தால் உடனே அணைத்து, எங்கே ஷார்ட் என்று தேடுங்கள். மங்கிவிட்டால் ஒவ்வொரு சாக்கெட்டின் 5ஆம் காலிலும் நெகட்டிவ் பயாஸ் (வால்வின் மின்னோட்டத்தை அடக்கி வைக்கும் கிரிட் மின்னழுத்தம்) வருகிறதா என்று அளந்து பாருங்கள். இந்த அளவு ஆம்பிளிஃபயர்களில் அது மைனஸ் முப்பது வோல்ட்டையும் தாண்டி நெகட்டிவாக இருக்கும். சீரிஸ் லாம்ப் இருக்கும்போது சற்றுக் குறைவாகக் காட்டலாம். நான்கில் ஒரு காலில் பயாஸ் வராவிட்டாலும் வால்வைச் செருகக் கூடாது.

ஓர் எச்சரிக்கை. கால் நூற்றாண்டு சும்மா கிடந்த கண்டன்சரில் மின்சாரம் இருக்காது. நீங்கள் ஒருமுறை மின்சாரம் கொடுத்த பிறகுதான் ஆபத்து தொடங்குகிறது. அணைத்த பிறகும் அந்த 450 வோல்ட் உள்ளே காத்திருக்கும், அது ஆளைக் கொல்லும். 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றில் காப்பிட்ட கிளிப்புகள் கட்டி, அதன் வழியாகச் சேசிஸுக்கு இறக்குங்கள். இறங்கிவிட்டதா என்று மீட்டரால் அளந்த பிறகே கை உள்ளே போக வேண்டும்.

டிரான்சிஸ்டர் ஆம்பிளிஃபயரில் ஸ்பீக்கர் வயர் ஒன்றோடொன்று பட்டால் போய்விடுகிறது. வால்வு ஆம்பிளிஃபயரில் ஸ்பீக்கரே இல்லாமல் ஓட்டினால்தான் போகும் என்று எங்கள் மேஸ்திரி சொல்கிறார். ஒலிக்கவே இல்லாத ஆம்பிளிஃபயர் எப்படிக் கெடும்?
– மைக் செட் உரிமையாளர், சிவகாசி

உங்கள் மேஸ்திரி சொல்வது முழு உண்மை. அவரை விட்டுவிடாதீர்கள்.

வால்வின் மின்னோட்டம் டிரான்ஸ்பார்மரின் இரும்பில் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அந்தப் புலத்தின் ஆற்றல் ஸ்பீக்கர் வழியே வெளியேற வேண்டும். ஸ்பீக்கர் இல்லை என்று வையுங்கள். பாட்டின் ஒரு உச்சத்தில் வால்வு சட்டென்று மின்னோட்டத்தை வெட்டுகிறது. புலம் சரிகிறது, போக வழியில்லை. அப்போது டிரான்ஸ்பார்மரின் வால்வுப் பக்கத்துச் சுற்றான பிரைமரியில் மின்னழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட்டுக்கு எகிறும். சுற்றுகளுக்கு இடையிலுள்ள காகிதத்தை அது துளைக்கும், அல்லது வால்வு சாக்கெட்டில் பக்கத்துக் காலுக்குப் பாயும். இ.எல். 34 சாக்கெட்டில் 3ஆம் காலுக்கும் 2ஆம் காலுக்கும் நடுவே கரிக்கோடு ஓடியிருப்பதைப் பார்த்தால், யாரோ ஒருவர் ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டியிருக்கிறார் என்று அர்த்தம். அந்தக் கரி மின்சாரத்தைக் கடத்தும். சுரண்டிச் சரி செய்ய முடியாது, பீங்கான் சாக்கெட்டாக மாற்றுங்கள்.

உங்கள் தொழிலில் இது எங்கே நடக்கும் என்றால், 100 வோல்ட் லைனில்தான். தெருவெல்லாம் வயர் இழுத்து ஹாரன் கட்டியிருப்பீர்கள். முதல் கம்பத்திலேயே லாரி வயரை அறுத்துவிட்டால் அத்தனை ஹாரனும் ஒரே நேரத்தில் விலகிவிடும். ஆம்பிளிஃபயரின் பக்கத்திலேயே ஒரு ஹாரனையாவது தனி வயரில் கட்டி வையுங்கள். ஆபரேட்டருக்கும் சத்தம் கேட்கும், டிரான்ஸ்பார்மருக்கும் கொஞ்சம் பாரம் இருக்கும். இது முழுப் பாதுகாப்பு ஆகாது. ஆனாலும் ஒன்றுமே இல்லாததற்கு எவ்வளவோ மேல்.

100 வோல்ட் லைன் ஏன் என்று உங்கள் பையன்கள் கேட்டால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். 100 வாட்டை நேராக 8 ஓம் ஸ்பீக்கருக்கு அனுப்பினால் வயரில் மூன்றரை ஆம்பியர் ஓடும். 100 வோல்ட்டில் அனுப்பினால் ஓர் ஆம்பியர்தான். வயரில் வீணாவது மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் அதே மெல்லிய வயரில் இழப்பு பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. ஹாரனுக்கு ஹாரன் லைன் மேட்சிங் டிரான்ஸ்பார்மர் போடும் செலவு அங்கே திரும்பி வந்துவிடும்.

நியூ ஜெர்சியில் இருக்கிறேன். ஒரு பழைய ஆய்வுக்கூடத்தின் பொருள்களை விற்கும் இடத்தில் மெக்கின்டாஷ் நிறுவனத்தின் எம்.ஐ. 350 என்ற பெரிய வால்வு ஆம்பிளிஃபயரைப் பார்த்தேன். இருவர் சேர்ந்தும் தூக்கச் சிரமப்பட்டோம். ஆய்வுக்கூடத்துக்கு ஆம்பிளிஃபயர் எதற்கு? வாங்கி, ஊர் திரும்பும்போது கோயம்புத்தூருக்குக் கொண்டுவரலாமா?
– வாசகர், அமெரிக்கா

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு உண்மையிலேயே பொறாமையாக இருந்தது. இந்த வகை இயந்திரத்தை நம் ஊர் மேசையில் பார்க்கும் வாய்ப்பு மிக அரிது.

அன்று தொழிற்சாலைகளும் ஆய்வுக்கூடங்களும் பெரிய ஆம்பிளிஃபயர்களை வாங்கியது பாட்டுக் கேட்பதற்காக அல்ல. ராக்கெட்டில் பொருத்தப்போகும் கருவி, பறக்கும்போது குலுங்கி உடையாமல் இருக்குமா என்று தரையிலேயே சோதிக்க வேண்டும். அதற்கு அதிர்வு மேசை வேண்டும். அதிர்வு மேசை என்பது அடிப்படையில் ஒரு பெரிய ஸ்பீக்கர்தான்: காந்தத்துக்கு நடுவே ஒரு காயில், காகிதக் கூம்புக்குப் பதில் ஓர் உலோகத் தட்டு. அதை ஓட்ட, எந்த அதிர்வெண்ணிலும் அலை வடிவம் கெடாமல் நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் வாட் தரும் ஆம்பிளிஃபயர் தேவை. அமெரிக்காவில் லிங் எலக்ட்ரானிக்ஸ் இந்தத் தொழிலில்தான் வளர்ந்து, ஒலிபெருக்கிகளுக்குப் பெயர்பெற்ற ஆல்டெக் நிறுவனத்தையே 1959இல் தன்னோடு இணைத்துக்கொண்டது. இன்னொரு பயன், மின்சாரத்தின் அதிர்வெண்ணுக்கு ஏற்ற வேகத்தில் ஓடும் சிங்க்ரனஸ் மோட்டாரைத் துல்லியமாகச் சுழற்றுவது. மின்வாரியத்தின் அதிர்வெண் சற்று ஏறி இறங்கும். ஆய்வுக்கூடத்தின் சொந்த ஆசிலேட்டரும் (நிலையான அலையை உண்டாக்கும் கருவி) ஒரு பெரிய ஆம்பிளிஃபயரும் இருந்தால் மோட்டாரின் வேகம் அசையாது.

நீங்கள் பார்த்த எம்.ஐ. 350, அதே நிறுவனத்தின் எம்.சி. 3500 என்ற புகழ்பெற்ற ஆம்பிளிஃபயரின் தொழிற்சாலைப் பதிப்பு. ஒற்றைச் சேனலில் 350 வாட். எடை ஐம்பது கிலோவைத் தாண்டும். 1969 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தின் பெத்தல் ஊரில், ஒரு பண்ணை நிலத்தில் சுமார் நான்கு லட்சம் பேர் கூடிய வுட்ஸ்டாக் இசை விழாவில் ஒலியமைப்பாளர் பில் ஹான்லி பயன்படுத்தியது எம்.சி. 3500ஐத்தான். ஆய்வுக்கூடத்தில் வாரக்கணக்கில் அணைக்காமல் ஓடுவதற்கென்று கட்டிய உறுதி, திறந்தவெளி மேடையில் வேறு விதமாகப் பயன்பட்டது.

இந்த நிறுவனத்தின் வால்வு ஆம்பிளிஃபயர்களுக்குள் இருக்கும் யோசனையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். பெரிய வாட் வேண்டுமென்றால், இரண்டு வால்வு அணிகளும் அலையின் ஆளுக்கொரு பாதியைச் சுமக்க வேண்டும். ஓர் அணி ஓயும்போது மற்றது எடுத்துக்கொள்ளும். டிரான்ஸ்பார்மரின் இரு பாதிகளும் காந்தத்தால் இறுக்கமாகப் பிணைந்திருக்காவிட்டால், அந்தக் கைமாறும் இடத்தில் அலையில் ஒரு வெட்டு விழும். பிராங்க் மெக்கின்டாஷும் கார்டன் கவ்வும் 1949இல் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். பிளேட்டுக்கான கம்பியையும், மின்னணுக்கள் புறப்படும் முனையான கேத்தோடுக்கான கம்பியையும் தனித்தனி அடுக்காகச் சுற்றாமல், ஒன்றோடொன்று ஒட்டி ஒரே நேரத்தில் சுற்றினார்கள். வால்வின் வேலையில் பாதி பிளேட்டிலும் பாதி கேத்தோடிலும் விழுகிறது. இரண்டு கம்பிகளும் அவ்வளவு நெருங்கி இருப்பதால் கைமாற்றம் வழுவழுப்பாக நடக்கிறது. எனக்குத் தெரிந்த ஆம்பிளிஃபயர் யோசனைகளில் இதைவிட அழகானது இல்லை.

ஆனால் விலை பேசும்போது இந்த அழகையே நினைவில் வையுங்கள். ஒட்டி ஓடும் அந்த இரண்டு கம்பிகளில் ஒன்று முழு உயர் மின்னழுத்தத்திலும் மற்றது தரையிலும் இருக்கிறது. நடுவே நிற்பது கம்பியின் மெல்லிய பூச்சு மட்டுமே. அது ஒரே ஓர் இடத்தில் உரிந்தாலும் டிரான்ஸ்பார்மர் முடிந்தது, ரீவைண்டிங் கடையில் அதை மீட்பது மிகமிகக் கடினம். ஆகவே மெகர் சோதனைக்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். வால்வுகள் பழையதாக இருந்தால் அதற்காகப் பின்வாங்க வேண்டாம். அதில் இருக்கும் எட்டு 6எல்க்யூ6 வால்வுகள், டெலிவிஷனின் படக்குழாயை ஓட்டுவதற்காகச் செய்யப்பட்டவை. இப்போது அவற்றைப் புதிதாகத் தயாரிப்பதில்லை, பழைய இருப்புதான். 2021இல் அந்த நிறுவனம் எம்.சி. 3500இன் இரண்டாம் பதிப்பை வெளியிட்டபோது இ.எல். 509 வகைக்கு மாறிக்கொண்டது.

கோயம்புத்தூர் விஷயம். அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60க்கென்று அளந்து செய்த பவர் டிரான்ஸ்பார்மருக்கு 50இல் அதே 120 வோல்ட்டைக் கொடுத்தால் இரும்பில் காந்தப் புலம் 20 சதவீதம் ஏறிவிடும். உறுமும், கொதிக்கும், நம் ஊர் ஏப்ரல் மாதத்தில் எரிந்தும் போகலாம். 100 வோல்ட்டாகக் குறைத்தால் புலம் சரியாகும். ஆனால் வால்வைச் சூடாக்கும், 6.3 வோல்ட் வேண்டிய ஹீட்டருக்கு ஐந்தேகால் வோல்ட்தான் கிடைக்கும், கேத்தோடு கெடும். பெயர்த்தகட்டில் 50-60 என்று எழுதியிருந்தால் கவலையின்றிக் கொண்டுவாருங்கள். 60 என்று மட்டும் இருந்தால், 60 ஹெர்ட்ஸே தரும் மின்னணு மாற்றி ஒன்றையும் சேர்த்து விலை கணக்கிடுங்கள். எனக்கு அப்படி ஒன்று கிடைத்தால் மாற்றியோடு சேர்த்தே வாங்கிவிடுவேன்.

காயலான் கடைக்காரர் எங்கள் பழைய வால்வு ஆம்பிளிஃபயருக்குச் செம்பு விலை தருவதாகச் சொல்கிறார். கொடுத்துவிடலாமா?
– வாசகி, திண்டுக்கல்

கொடுக்காதீர்கள் அம்மா. அவர் எடை போடுவது டிரான்ஸ்பார்மரை. அந்தப் பெட்டியில் மறுபடி கிடைக்காத ஒரே பொருளும் அதுதான். பிரைமரியையும் ஸ்பீக்கர் பக்கத்துச் செகண்டரியையும் பல துண்டுகளாகப் பிரித்து, மாற்றி மாற்றி அடுக்கி, அடுக்குக்கு அடுக்கு காகிதம் வைத்துச் சுற்றியிருப்பார்கள். அப்படிச் சுற்றினால்தான் நாதஸ்வரத்தின் மேல் ஸ்வரங்கள் மங்காமல் வரும். தவிலின் அடி வரவேண்டுமென்றால் இரும்பின் அளவும் சுற்று எண்ணிக்கையும் போதுமானதாக இருக்க வேண்டும். மோட்டார் ரீவைண்டிங் செய்பவரிடம் எரிந்த அவுட்புட் டிரான்ஸ்பார்மரைக் கொடுத்தால் பெரும்பாலும் பிரைமரி முழுவதையும் முதலில் சுற்றி, மேலே செகண்டரியைச் சுற்றித் தந்துவிடுவார். வேலை செய்யும், ஆனால் சத்தம் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும். பிரிக்கும்போதே ஒவ்வொரு அடுக்கின் சுற்றுகளையும், கம்பியின் கேஜையும், காகிதம் எங்கெங்கே என்பதையும், சுற்றிய திசையையும் நோட்டில் எழுதிக்கொண்டு பிரிக்கும் பொறுமைசாலி கிடைத்தால் அவரை உங்கள் ஊர் மைக் செட்காரர்கள் அனைவருக்கும் அறிமுகப்படுத்துங்கள்.

விற்றே ஆகவேண்டும் என்றால், பழைய ஆம்பிளிஃபயர்களைச் சரிசெய்யும் ஒருவருக்கு விற்றுவிடுங்கள்.

அந்தக் காலத்தில் 30 வாட் வால்வு செட் அடுத்த ஊர் வரைக்கும் கேட்கும். இன்று ஆயிரம் வாட் போட்டாலும் அப்படிக் கேட்பதில்லை. வால்வின் மகிமைதானே?
– வாசகர், அருப்புக்கோட்டை

வால்வை நேசிப்பவன் என்றாலும் இந்தப் பெருமையை ஹாரனுக்குத்தான் கொடுப்பேன். வீட்டு ஸ்பீக்கர் வாங்கும் மின்சாரத்தில் நூற்றில் ஒரு பங்கைத்தான் ஒலியாக்கும். நல்ல ஹாரனும் அதன் பின்னால் ஒலி எழுப்பும் யூனிட்டும் அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் ஒலியாக்கும். அது மட்டுமல்ல, அந்த ஒலி நாலாபுறமும் சிதறாமல் ஒரே திசையில் போகும். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் அளந்தால் வீட்டு ஸ்பீக்கர் 88 டெசிபல், ஹாரன் 108 டெசிபல் என்று வையுங்கள். இருபது டெசிபல் என்றால் நூறு மடங்கு. ஹாரனுக்கு முன்னால் நிற்பவருக்கு உங்கள் 30 வாட் செட், வீட்டு ஸ்பீக்கரில் 3,000 வாட் போட்டதற்குச் சமம். ஹாரன் தருவதும் பேச்சும் குரலும் வாழும் அலைவரிசையைத்தான், அடிநாதத்தில் அது சக்தியை வீணாக்குவதில்லை.

வால்வின் பங்கு வேறு இடத்தில். அளவுக்கு மீறி ஒலியைத் திருகும்போது டிரான்சிஸ்டர் ஆம்பிளிஃபயர் அலையின் தலையைச் சட்டென்று சீவிவிடும், காது வலிக்கும். பழைய வால்வு செட் மெதுவாக வளைந்து அடங்கும். மேடையில் ஒருவர் ஆவேசமாகக் கத்தும்போது அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

கோயில் விழாவில் இரவு முழுவதும் பழைய வால்வு செட்டில் பாட்டுப் போட அனுமதி உண்டா?
– வாசகர், மேலூர்

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு விழா நாள்களுக்கு என்று குறிப்பிட்டு நள்ளிரவு வரை தளர்த்தலாம். மற்ற நேரத்துக்கும் முன் அனுமதி வேண்டும். பத்து மணிக்கு நிறுத்துங்கள், வால்வுகளும் ஆறட்டும்.

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறேன். பாடத்தில் வால்வு கிடையாது. பெரிய வால்வு ஆம்பிளிஃபயர்களைச் சரிசெய்யக் கற்க வேண்டும். முதலில் எதை வாங்க வேண்டும்? வால்வுகள் இன்னும் கிடைக்குமா?
– மாணவி, திருநெல்வேலி

இந்த வாரத்தில் எனக்கு அதிக மகிழ்ச்சி தந்த கடிதம் உங்களுடையது.

வால்வுகள் கிடைக்கும். ரஷ்யாவில் சரத்தோவ், ஸ்லோவாக்கியாவில் சாட்சா, இன்னும் சீனா என்று இன்றும் தயாரிக்கிறார்கள். நம் நாட்டில் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961 முதல் வால்வு செய்தது. பி.இ.எல். முத்திரையிட்ட இ.எல். 34 பழைய கடைகளில் கண்ணில் பட்டால் விடாதீர்கள். ஜோடி பொருந்தியவை என்று சொல்லி விற்பதை அப்படியே நம்ப வேண்டாம். ஒவ்வொரு கேத்தோடிலும் 1 ஓம் ரெசிஸ்டர் போட்டு, அதில் வரும் மில்லிவோல்ட்டை மில்லிஆம்பியராகப் படியுங்கள். இ.எல். 34இன் பிளேட் தாங்குவது 25 வாட். 450 வோல்ட்டில் ஓய்வு நிலை 35 மில்லிஆம்பியரைச் சுற்றி இருந்தால் வால்வு நிம்மதியாக இருக்கும்.

மல்டிமீட்டர் 1,000 வோல்ட் தாங்குவதாக இருக்கட்டும், மலிவான வயர்கள் வேண்டாம். சீரிஸ் லாம்ப் பலகையை நீங்களே செய்துகொள்ளலாம். ஃபிலமென்ட் பல்பு கிடைப்பது குறைந்துவருகிறது, கிடைக்கும்போது சில எடுத்து வையுங்கள். மெகரைப் பிறகு வாங்கலாம், அதுவரை கல்லூரிப் பணிமனையில் இரவல் பெறுங்கள். மின்சாரம் இருக்கும்போது ஒரு கையால் மட்டும் அளவெடுங்கள், மற்ற கை மேசையைத் தொடக் கூடாது. தனியாக இருக்கும் வீட்டில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். 807 வால்வு போட்ட செட் வந்தால் கூடுதல் கவனம் வேண்டும்: அதன் தலைமேல் இருக்கும் தொப்பி பிளேட்டின் முனை, முழு உயர் மின்னழுத்தமும் அங்கே வெளியில் நிற்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் முன்பு ஸ்பீக்கருக்குப் பதிலாகக் கட்டும் பாரம் ஒன்றை வாங்குங்கள். 100 வாட் செட்டின் 100 வோல்ட் முனைக்கு 100 ஓம் கம்பி ரெசிஸ்டர் போதும். 200 வாட் தாங்குவதாக எடுத்து, அலுமினியத் தகட்டில் திருகி, செட்டை மேசையில் வைத்தவுடன் முதல் வேலையாக அதைக் கட்டிவிடுங்கள்.